மஞ்சள் பூசிய கண்டென்சர்

ஜட்கா வண்டி கடை வாசலில் நின்றது. உள்ளேயிருந்து முதலில் இறங்கியது ஒரு மூட்டை. பழைய ஒன்பது கஜப் புடவையில் சுற்றி, நாலு மூலையும் முடிச்சுப் போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அலமேலு மாமி இறங்கினாள்.

வண்டிக்காரன் மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, "ஏமம்மா, இந்துலோ ராள்ளு பெட்டினாரா?" என்றான். உள்ளே கல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறான்.

"கல்லு இல்லேப்பா, மெதுவா வை. ஒடஞ்சுடப் போறது" என்று மாமி தமிழிலேயே பதில் சொன்னாள். அவனுக்கும் புரிந்தது. திருப்பதியில் அப்படித்தான். ஒருத்தர் ஒரு பாஷையில் கேட்பார், இன்னொருத்தர் இன்னொன்றில் பதில் சொல்வார், காரியம் நடக்கும்.

மூட்டையைப் பிரித்தால் ரேடியோ. யுத்த காலத்து வால்வு செட். தேக்குப் பெட்டி, முன்னால் துணி போர்த்திய ஸ்பீக்கர், மூலையில் ஒரு எலி கடித்த ஓட்டை. மாமியின் அப்பா வாங்கிக் கொடுத்ததாம்.

"விஜயதசமி அன்னிக்கு சாயந்தரம் நாலு மணிக்குள்ள இது பேசணும்" என்றாள். "அதுக்கு அப்புறம் பேசினா எனக்கு வேண்டாம்."

நவராத்திரி தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் முனிரத்தினம் செட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாத்துடலாம் மாமி. எல்லைச் செய்தி கேக்கத்தானே? ஊரே அதுக்குத்தான் கொண்டாந்துகினு இருக்குது" என்றார்.

"ஆமாம், எல்லைச் செய்திதான்" என்றாள் மாமி, கொஞ்சம் அவசரமாக.

முள் எந்தப் பக்கம்

அந்த எல்லைச் செய்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷம் ஆகியும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. திருத்தணி அங்கே, சத்தியவேடு இங்கே என்று நாளுக்கொரு பேச்சு. ஊர்ப்பட்ட ரேடியோக்கள் பரணிலிருந்து இறங்கி எங்கள் கடைக்கு வந்தது அப்போதுதான். சண்டையில் நாங்கள் சோறு தின்றோம் என்று சொன்னால் தப்பில்லை.

செட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருத்தர் மெட்ராஸ் ஸ்டேஷனில் முள்ளை நிறுத்திக் காட்டச் சொல்வார். அடுத்தவர் வந்து, "விஜயவாடா பெட்டு நாயனா, ஆ அரவம் மாக்கெந்துக்கு?" என்பார். விஜயவாடாவைப் போடு, அந்தத் தமிழ் எங்களுக்கு எதற்கு என்று அர்த்தம். சொன்னவர் பெண் கொடுத்திருந்தது திருவள்ளூரில்.

என் பிறந்த ஊர் திருத்தணிப் பக்கம். புகுந்தது நகரிக்காரர் குடும்பம். என் நைனா ஒரு தடவை வந்து சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னாம்மா ராஜம், நாளைக்கு நான் உன்னைப் பாக்க வரணும்னா நடுவுல எவனாச்சும் சீட்டு கேப்பானா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரைக்குப் பின்னால்

கடையில் பாதிக்கு ஒரு துணித்திரை தொங்கும். முன்னால் அவர், பின்னால் நான். பற்றவைக்கிற வேலை முழுக்க என்னுடையது. அவர் விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் கனம், உள்ளே நுழையாது. எனக்குப் பூக்கட்டிப் பழகிய கை. ஒரு நாள் அவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சால்டரிங் ராடைப் பிடுங்கினேன், அப்புறம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஆனால் பொம்பளை பற்றவைத்தது என்று தெரிந்தால் யாரும் செட்டைக் கொண்டுவர மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் அந்தத் திரை. எனக்கு அதில் கோபம் உண்டு. இதை எழுதும்போதும் உண்டு. அவர் இருந்திருந்தால் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொல்லியிருப்பேன்.

அலமேலு மாமி மட்டும் அந்தத் திரையை மதிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டாள். பற்றவைக்கத் தொட்டுக்கொள்கிற குங்கிலியத்தின் புகைக்கு நடுவே நான் ராடும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"ஓ, நீதான் பண்றியா?" என்றாள். ஆச்சரியப்படவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்போ உங்கிட்டயே சொல்லிடறேன். எல்லையும் இல்லை, கொல்லையும் இல்லை. எம்பொண்ணு பாடப்போறா."

மாமி சொன்னது

மகள் பெயர் வேதவல்லி. ஒரே பெண். பாட்டு கற்றுக்கொள்ள மெட்ராஸில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே தனக்குப் பிடில் வாசித்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். ஜாதி வேறு. அவள் அப்பா ஐயங்காருக்கு மலைமேல் பெருமாள் கைங்கரியம், தலைமுறை தலைமுறையாக. அவர் கூச்சல் போடவில்லை, அடிக்கவில்லை. "இனிமே இந்த ஆத்துல அவ பேர் கேக்கப்படாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்நானம் பண்ணப் போய்விட்டாராம்.

அன்றைக்கே ரேடியோவின் பிளக்கையும் பிடுங்கிவிட்டார். எப்போதாவது அவள் பாட்டு அதில் வந்துவிடக்கூடாதே. அக்கம்பக்கத்தார் கேட்டால், "ரிப்பேர்" என்று சொல்லி வைத்தார். ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

"இப்போ நெஜமாவே ரிப்பேர் ஆயிடுத்து பாரேன்" என்றாள் மாமி. "அவர் மலைக்குப் போனப்புறம் போட்டுப் பாத்தேன். ஒரே உறுமல். தீஞ்ச வாசனை வேற. பயந்துண்டு அணைச்சுட்டேன்."

அந்த வருஷம் பிரம்மோத்சவமும் நவராத்திரியும் சேர்ந்து வந்திருந்தன. ஐயங்கார் உற்சவம் முடிந்து, விஜயதசமிக்கு மறுநாள்தான் இறங்குவார். மகள் யாரோ மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தாள், விஜயதசமி அன்றைக்கு நாலு மணிக்கு மெட்ராஸ் ஸ்டேஷனில் அவளுக்கு முதல் கச்சேரி என்று.

"பக்கத்து வீட்டுல போய்க் கேக்கலாமே மாமி?" என்றேன்.

"கேட்டா அவர் இறங்கற அன்னிக்கே தெரிஞ்சுடும். அப்புறம், என்னால அழாம கேக்க முடியாதுடி. ஊரார் ஆத்துல உக்காந்து அழுவாளா?" என்றாள். "ரெண்டு வருஷமா அவ குரலை நான் கேக்கலை."

எனக்கு அப்போது பெண் கைக்குழந்தை இருந்தது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் செட்டின் பின்பலகையைக் கழற்றினேன்.

ஓட்டைக் குடங்கள்

கெட்டது என்ன என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ரொம்ப நாள் ஓடாத செட்டை நேரே கரண்டில் போடக்கூடாது. நடுவில் ஒரு பல்பைச் சேர்த்துப் போடுவோம். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும், செட் பிழைக்கும். எரிந்தது, கல்யாண வீட்டு விளக்கு மாதிரி.

கண்டென்சர்கள் எல்லாம் போயிருந்தன. இப்போது கெபாசிட்டர் என்கிறார்கள், அப்போது எங்கள் வாயில் கண்டென்சர்தான். தகட்டுத் தாளையும் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டி மெழுகு பூசிய சின்னக் குழாய். கரண்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது விடும். குடம் தண்ணீர் பிடித்து வைப்பது போலத்தான். வருஷம் ஆக ஆக, அதுவும் சும்மா கிடந்தால், காகிதத்தில் ஈரம் ஏறி, மெழுகு வெடித்து, குடம் ஓட்டையாகும். பெரியவை ஒழுகினால் செட் உறுமும். சின்னவை ஒழுகினால் குரல் கரகரக்கும், வால்வும் சேர்ந்து போகும்.

ஒன்றிரண்டை மாற்றி ஒப்பேற்றலாம் என்றார் அவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிக் கச்சேரியில் இன்னொன்று போனால் அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? எல்லாவற்றையும் மாற்றுவது என்று தீர்மானமாயிற்று.

புதுக் கண்டென்சர்களுக்கு மெட்ராஸுக்குச் சொல்லியனுப்பினோம். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்து, கடைசியில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலையில்தான் பஸ் கண்டக்டர் பொட்டலத்தைக் கொண்டுவந்து போட்டார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து, பழையதை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து, அதே அளவுக்குப் புதியதன் கம்பியை நறுக்கி, நுனியில் ஈயம் தடவி, ஜோடி ஜோடியாக அடுக்கினார். அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை.

"குடுங்க, இப்பவே வெச்சுடறேன்" என்றேன்.

"இன்னாமே நீ, விடிஞ்சா பூஜை. புது சாமானைச் சாமி கிட்ட வெக்காம எவனாச்சும் மாட்டுவானா? அப்புறம் செட் எப்படிப் பேசும்?"

"மெட்ராஸ்ல அவ்ளோ செட் பேசுதே, எல்லாம் பூஜை வெச்சா மாட்டறாங்க?"

"அதான் அவ்ளோ ரிப்பேருக்கு வருது" என்றார். இவரிடம் வாயைக் கொடுத்து மீள முடியுமா?

பழசுக்கும் பூஜை

ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவிக் கோலம் போட்டோம். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து அவர் எல்லாவற்றையும் பரப்பினார். ராடு, குறடு, திருப்புளி, வால்வுகள். அதோடு மாமி செட்டின் கண்டென்சர்களையும் இரண்டு வரிசையாக வைத்தார். வலது கைப்பக்கம் புதியவை, இடது கைப்பக்கம் கழற்றிய பழையவை, இரண்டிலும் பெரியவை மேலே.

"செத்ததுக்கு எதுக்கு பூஜை?" என்றேன்.

"இத்தினி வருசம் உழைச்சிதில்ல? அதுக்கும் ஒரு பொட்டு வெச்சா இன்னா, உன் சொத்தா போவுது?" என்றார்.

பொட்டோடு விட்டாரா? மஞ்சளைக் குழைத்து எல்லாவற்றின் மேலும் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, பூவும் போட்டார். அது முடிந்தால் மறுநாள் பூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. நாங்கள் தொடவில்லை.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுத்து, வேலையில் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுக்க, நான் பற்றவைத்தேன். மஞ்சள் மெழுகில் ஊறி எழுத்தெல்லாம் மறைந்திருந்தது. அளவுதான் முன்பே பார்த்து வைத்தாயிற்றே என்று இருவரும் கவலைப்படவில்லை. வேலை அழகாக வந்தது. எனக்கே என் கையை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

உச்சிப்பொழுதுக்கு மாமி வந்துவிட்டாள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். அவர் பெருமையாக, "இப்போ கேளுங்க மாமி" என்று சுவிட்சைத் திருப்பினார்.

செட் உறுமியது. அதே உறுமல், அதே தீய்ந்த வாசனை. பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பெருமாளே!" என்று மாமி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தொடல, திருப்பினேன்"

அவர் டிரான்ஸ்பார்மர் என்றார். வால்வு என்றார். வால்வுகளைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு வைத்துப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமி உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் பழைய நோய் அப்படியே, அச்சு அசலாக எப்படி இருக்கும்? வேறு கோளாறு என்றால் வேறு மாதிரியல்லவா கத்த வேண்டும்?

"ஏங்க, நேத்து இலையை யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரு தொடப்போறாங்க?"

அப்போது சுண்டலும் கையுமாக என் மாமியார் உள்ளே வந்தாள். "அத்த, நீங்க பூஜை எலையைத் தொட்டீங்களா?" என்றேன்.

"நான் ஏன்டி தொடறேன்? தொடல" என்றாள். "திருப்பினேன், அவ்ளோதான்."

"திருப்புனீங்களா?"

"பின்ன? உன் புருசன் எலை நுனியை வலக்கைப் பக்கமா போட்டு வெச்சிருந்தான். சாமிக்குப் போடற எலையா அது? கருமாதிக்குப் போட்டா மாதிரி. பாத்தவங்க இன்னா சொல்லுவாங்க? ஒரு சாமான் கூட நவுராம, பூவு கூட கலையாம, அப்படியே எலையோட திருப்பி வெச்சேன்."

வலது இடதாயிற்று, இடது வலதாயிற்று. பெரியவை மேல்பக்கம் இருந்து கீழ்ப்பக்கம் வந்திருந்ததைக்கூட என் வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. கழற்றிய ஓட்டைக் குடங்களையே மறுபடி மாட்டி, அதையும் அழகாகப் பற்றவைத்து, நான் என்னையே மெச்சிக்கொண்டிருக்கிறேன்!

சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று இலையில் மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்துக் கரண்டு ஏற்றி, கொஞ்சம் பொறுத்து இரண்டு கம்பியையும் தொடவைத்தேன். டப்பென்று பொறி பறந்தது. செட்டில் இருந்ததில் ஒன்றைக் கழற்றி அதே மாதிரி செய்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"மஞ்சள் பூசினா கெழவியும் கல்யாணப் பொண்ணுதான், நான் இன்னாத்த கண்டேன்?" என்று சொல்லிவிட்டு மாமியார் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமியைப் பார்த்ததும் இரண்டும் போயின.

"மாமி, எழுந்துக்கோங்க. இந்த லைட்டை என் பக்கமா புடிங்க" என்றேன்.

அவ்வளவையும் திரும்பக் கழற்றி, அவ்வளவையும் திரும்ப வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ராடு பிடித்ததில்லை. விரலில் இரண்டு இடம் சுட்டது. தொட்டிலில் குழந்தை அழுதது, அழட்டும் என்று விட்டேன். கடைசிக் கம்பியைப் பற்றவைத்ததும் நானே சுவிட்சைத் திருப்பினேன். பல்பு மங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ நாகஸ்வரம் வாசிப்பது கேட்டது, பக்கத்துத் தெருவில் வாசிப்பது போலத் தெளிவாக.

மாமி என் கையைப் பிடித்தாள். சுட்ட விரல் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாமி வீட்டில்

ஜட்காவில் நாங்கள் இருவரும் கூடவே போனோம். வீடு கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. கூடத்தில் கொலு. அதற்குப் பக்கத்தில் செட்டை வைத்து, கூரையில் பழைய ஏரியல் கம்பி அறுந்திருந்த இடத்தை அவர் முறுக்கிச் சேர்த்தார். போட்டோம். மெட்ராஸ் ஸ்டேஷன் சுத்தமாக வந்தது. யாரோ விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

அப்போது வாசலில் சொம்பு வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ கால் அலம்புகிறார்கள். மாமியின் முகம் வெளுத்துவிட்டது.

உள்ளே வந்தது ஐயங்கார். நாளைக்கு வரவேண்டியவர். தோளில் துணிமூட்டை, மூச்சு வாங்குகிறது. கூடத்தில் முன்பின் தெரியாத நாங்கள் இருவர், என் வீட்டுக்காரர் கையில் குறடு, நடுவில் பேசிக்கொண்டிருக்கிற ரேடியோ. மாமி பாய்ந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

என் வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இன்றைக்கு இந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறதோ என்று நினைத்தேன். இவ்வளவு பாடும் வீணாகிவிட்டதே என்று அழுகை வந்தது.

ஐயங்கார் மூட்டையைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"ஏன் அணைச்சே? நாலு மணிக்குத்தானே அவளுக்கு? வால்வு சூடாக வேண்டாமா?"

மாமி அசையாமல் நின்றாள்.

"பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார் அவர். "தீர்த்தவாரி ஆன கையோட பஸ் பிடிச்சு வந்துட்டேன். பிளக்கைச் சொருகினா போறும்னு நெனச்சுண்டு வந்தேன். செட் கெட்டுப்போயிருக்கும்னு எனக்குத் தோணலை."

மாமிக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். இரண்டு வருஷத்துக் கோபம்.

"அவ பேரே கேக்கப்படாதுன்னேள்! நான் அடுப்பு கிட்ட அவ பேரைச் சொல்லிண்டு கிடந்தேன், புகை கண்ணைக் கரிக்கறதுன்னு பொய் சொல்லிண்டு கிடந்தேன். நீங்க பேப்பர்ல தேடிண்டு இருந்தேளாக்கும்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

நான் போய்ச் சுவிட்சைத் திருப்பினேன். விவசாயம் முடிந்திருந்தது. தம்பூரா கேட்டது. அறிவிப்பாளர் பேசினார். அடுத்து கர்நாடக இசை, பாடுபவர் திருப்பதி வேதவல்லி என்றார்.

தன் பெயருக்கு முன்னால் அந்தப் பெண் ஊரை வைத்துக்கொண்டிருந்தாள்.

குரல் வந்தது. மாமி தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஐயங்கார் கதவருகே நின்றுகொண்டே, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லேன்" என்றார், அவரை மாதிரி இல்லாத ஒரு குரலில்.

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"காது கேக்கலைன்னா கிட்ட வந்து உக்காருங்கோ."

அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.